சாத்துக்குடி மரத்தில் புளிப்புப் பழம்: வேர்ச்செடியிடமிருந்து ஓர் ஒட்டு மரத்தை மீட்ட பதிவு

திண்டுக்கல்லில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் ஒரு சாத்துக்குடி மரம் இருக்கிறது. வடக்குப் பக்கத்துக் கிளைகளில் பச்சை முழுதாக மாறாத உருண்டைச் சாத்துக்குடி. தெற்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் நிறச் சின்னப் பழங்கள். வீட்டை விற்றவர் இதைப் பெருமையாகவே காட்டினார். "ஒரே மரத்தில் சாத்துக்குடியும் கமலாவும் காய்க்கும்" என்றார். அந்தக் கமலாவின் தோல் கையோடு வந்துவிடும், சாறும் நல்ல ஆரஞ்சு நிறம்தான். ஆனால் ஒரு சுளையை வாயில் போட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். அது கமலா அல்ல, ரங்க்பூர் எலுமிச்சை. சாத்துக்குடிக்கு வேராக இருப்பதற்காக நர்சரியில் வைத்த செடி, காலப்போக்கில் தானே கிளைத்து மரத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

வீட்டில் ஒட்டு எலுமிச்சையோ சாத்துக்குடியோ வைத்திருப்பவர்கள் பலர் "நாலைந்து வருடம் நன்றாகக் காய்த்தது, பிறகு பழம் புளித்துவிட்டது" என்று மண்ணையும் தண்ணீரையும் குறை சொல்வார்கள். மண்ணால் சாத்துக்குடி ரங்க்பூர் எலுமிச்சையாக மாறாது. ஒட்டு மரம் என்பது ஒரு தண்டில் நிற்கும் இரண்டு செடிகள். கீழே இருப்பது தனக்கென ஒரு கிளை விட எப்போதும் தயாராகவே இருக்கும். அதன் கிளை வேருக்கு மிக அருகில் புறப்படுவதால் வேகமும் அதிகம். மேலே இருக்கும் சாத்துக்குடி மெதுவாக நிழலுக்குள் போய், காய்ப்புக் குறைந்து, கடைசியில் பட்டுப்போகும். எங்கள் மரம் அந்தப் பாதையில் பாதி தூரம் வந்திருந்தது.

எந்தக் கிளை யாருடையது என்று தெரியாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. பழம் இருக்கும் காலத்தில் குழப்பமே இல்லை. பழம் இல்லாதபோது நான் பார்த்தது மூன்று அடையாளங்கள். முதலாவது பூ மொட்டு: சாத்துக்குடியின் மொட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும், ரங்க்பூர் எலுமிச்சையின் மொட்டில் வெளிப்புறம் கத்தரிப்பூ நிறம் தீற்றியிருக்கும். இளந்தளிரிலும் அந்தச் சாயல் லேசாகத் தெரியும். இரண்டாவது இலைக்காம்பு: சாத்துக்குடியின் காம்பில் இருபுறமும் மெல்லிய சிறகு போன்ற விளிம்பு கண்ணுக்குத் தெரியும், மற்றதில் அது பெயரளவுக்குத்தான். மூன்றாவது, எல்லாவற்றையும் விட எளிது: இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் ஒன்றில் எலுமிச்சை வாடை தனியாக எழும். நான் சாத்துக்குடிக் கிளைகளில் வெள்ளைத் துணிக் கிழிசலையும் மற்றவற்றில் சிவப்புத் துணியையும் கட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாகப் பார்த்துவிட்டு, "கொல்லையில் கோயில் கட்டப் போகிறாயா தம்பி?" என்று கேட்டார்.

சிவப்புத் துணி கட்டிய ஒவ்வொரு கிளையையும் விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தால் எல்லாம் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த இடம் மண்ணுக்குள் இருந்தது. ஒட்டுக் கட்டிய மூட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்க வேண்டும். இங்கே ஆண்டுக்கணக்கில் தண்டைச் சுற்றிச் சாணக் குப்பையும் மண்ணும் அணைத்து, மூட்டைப் புதைத்து வைத்திருந்தார்கள். களைக்கொத்தி போடாமல் கையாலும் ஒரு மரக்கரண்டியாலும் மண்ணை விலக்கினேன். இந்தக் குடும்பத்து மரங்களின் உணவு வேர்கள் மேல் மண்ணிலேயே பரவியிருக்கும். கொத்தினால் அவைதான் முதலில் அறுபடும்.

மண் விலகியதும் மூட்டு தெளிவாகத் தெரிந்தது. கீழே ஒரு மாதிரிப் பட்டை, மேலே வேறு மாதிரிப் பட்டை, நடுவில் லேசான புடைப்போடு ஒரு சாய்வுக் கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, முழங்கை பருமனில் ஒரு கிளை புறப்பட்டு, மண்ணுக்குள்ளேயே வளைந்து தனி மரம் போல மேலே போயிருந்தது. தெற்குப் பக்கம் முழுவதும் அதன் சொத்து. கோட்டுக்கு மேலே, சாத்துக்குடிப் பட்டையில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரமாகக் கறுத்து, தேன் நிறத்தில் பிசின் கசிந்து உறைந்திருந்தது.

பிசினைப் பார்த்ததும் கிளையை மறந்துவிட்டு அதைத்தான் முதலில் கவனித்தேன். இது பைட்டோப்தோரா என்னும் ஈர மண்வாழ் கிருமி பட்டையை அழுகச் செய்வதால் வருவது. சாத்துக்குடியை ஏன் வேறொன்றின் வேரில் வைக்கிறார்கள் என்பதற்கான பழைய காரணங்களில் இதுவும் ஒன்று. சாத்துக்குடி இனத்தின் பட்டை இந்த அழுகலுக்கு எளிதில் ஆட்படும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அட்லாண்டிக்கிலுள்ள அசோர்ஸ் தீவுகளில் சொந்த வேரில் நின்ற ஆரஞ்சுத் தோட்டங்கள் இப்படித்தான் அடித்தண்டு அழுகிப் பட்டன. அதன் பிறகே அழுகலைத் தாங்கும் புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டுக் கட்டும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது. அந்தப் புளிப்பு ஆரஞ்சு வேருக்கும் 1930களிலும் 40களிலும் கேடு வந்தது. பிரேசிலிலும் அர்ஜெண்டினாவிலும் டிரிஸ்டெசா வைரஸ் தாக்கி லட்சக்கணக்கான மரங்கள் விழுந்தன. அதைத் தாங்கும் வேர் எது என்று தேடியபோது பிரேசில்காரர்கள் போய் நின்றது இந்த ரங்க்பூர் எலுமிச்சையிடம். இன்றைய வங்கதேசத்திலுள்ள ரங்க்பூரின் பெயரைச் சுமக்கும் செடி அது. வறட்சியைத் தாங்கும், சுண்ணாம்பு மண்ணிலும் ஓரளவு சமாளிக்கும். ஆந்திரத்து ரயில்வே கோடூர் போன்ற நர்சரி ஊர்களிலிருந்து நம் பக்கம் வரும் சாத்துக்குடிக் கன்றுகளின் அடியில் பெரும்பாலும் இதுவோ ஜம்பேரி எலுமிச்சையோதான் இருக்கும். ஆக, எங்கள் கொல்லையில் அத்துமீறிய இந்தச் செடி கெட்டதல்ல. அதன் இடம் கோட்டுக்குக் கீழே, அவ்வளவுதான். மூட்டை மண்ணில் புதைப்பவர் அழுகலைத் தாங்காத பட்டையை ஈரத்துக்குள் வைக்கிறார். ஒட்டுக் கட்டியதன் பயனே அங்கே போய்விடுகிறது.

பிசின் கசிந்த இடத்தைச் சிறு கத்தியால் சுரண்டினேன். பழுப்பு நிறப் பட்டை போய், ஓரங்களில் பச்சை கலந்த வெள்ளைப் பட்டை தெரியும் வரை சுரண்ட வேண்டும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் அழுகியிருந்தால் மரத்தைக் காப்பது கடினம். இங்கே ஒரு பக்கம் மட்டும்தான். சுரண்டிய சக்கையை அங்கேயே போடாமல் தாளில் வாங்கி எரித்துவிட்டேன்.

அதற்குப் பூசப் போர்டோ பசை வேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும் தாமிர மருந்துகளும் உண்டு, ஆனால் இதை வீட்டிலேயே செய்வது மலிவு. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் முதல் நாள் இரவே ஊறப் போட்டேன். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் நீற்றி, ஆறவிட்டு, துணியில் வடித்தேன். பிறகு இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றி, குச்சியால் கலக்கியபடி இருந்தேன். வானத்து நீலத்தில் கெட்டியாகச் சேர்ந்து வரும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, மயில்துத்தம் அவற்றை அரிக்கும். கலவை சரியா என்று பார்க்க ஒரு பளபளப்பான இரும்பு ஆணியை அதில் சற்று நேரம் தோய்த்து எடுக்க வேண்டும். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் மயில்துத்தம் மிச்சம் இருக்கிறது, பட்டையைச் சுடும் என்று பொருள். சிறிது சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி ஆணியைத் தோய்க்க வேண்டும். எனக்கு முதல் தடவை ஆணியின் நுனி சிவந்தது. கடைச் சுண்ணாம்பு சற்றுப் பழையதாக இருந்திருக்கும். பசையை அன்றைக்கே பூசிவிட வேண்டும், எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். மிச்சத்தை ஊற்றும் இடத்தில் கோழியோ ஆடோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளை வெட்டும் வேலையைத் தை மாதத்துக்கு ஒத்திப் போட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டினால் காயம் ஆறும் முன் நீர் இறங்கும். சித்திரையில் வெட்டினால் அதுவரை நிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயிலில் பட்டு வெடிக்கும். தை என்றால் மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மரமும் மாசித் தளிருக்கு முன்னால் சும்மா நிற்கும்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் ஆட்சேபணையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புளிப்புப் பழத்தில்தான் அவர் வருடா வருடம் ஊறுகாய் போடுகிறார். "இத்தனை காய்க்கிற கிளையையா வெட்டப் போகிறாய்? வேண்டுமானால் சாத்துக்குடியை வெட்டு தம்பி, அது வருடத்துக்கு நாற்பது பழம்கூடக் கொடுப்பதில்லை" என்றார். கணக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு சின்னக் கிளையையாவது அவருக்காக விட்டுவைக்கலாமா என்று யோசித்தேன். விட்டால் மூன்று வருடத்தில் இதே நிலைமை. ஆகவே வெட்டும் முன் அந்தக் கிளையின் பழங்கள் அத்தனையையும் பறித்து இரண்டு கூடையில் அவரிடம் கொடுத்தேன், ஊறுகாய்க்கு நறுக்கும்போது விதைகளை மட்டும் எனக்குத் தரச் சொல்லி. விதையின் கதை பிறகு.

முழங்கை பருமனான கிளையை ஒரே அறுப்பில் மேலிருந்து வெட்டினால் பாதி அறுபட்டதும் அதன் பாரத்திலேயே பிளந்து, அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். முதலில் மேல் நுனிகளைத் துண்டு துண்டாக இறக்கிப் பாரத்தைக் குறைத்தேன். பிறகு அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்தேன். அதற்கு இரண்டு விரற்கடை வெளியே மேற்புறமிருந்து அறுக்க, கிளை சுத்தமாக ஒடிந்து விழுந்தது. மிஞ்சிய கட்டையைக் கடைசியில் தண்டை ஒட்டி அறுத்தேன். தண்டோடு சேரும் இடத்திலுள்ள மடிப்பைத் தொடாமல் விட்டால் காயம் மூடுவது எளிது. ரம்பத்தை ஒவ்வொரு கிளைக்கும் இடையில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். வெட்டுவாயைக் கத்தியால் வழவழப்பாக்கிப் போர்டோ பசை பூசியாயிற்று. தெற்கு வெயில் நேரே விழும் தண்டுப் பகுதிக்கும் வடக்குக் கிளைகளின் உள்பக்கத்துக்கும் நீர்த்த சுண்ணாம்பை வெள்ளையடித்தேன். அந்தப் பட்டை பிறந்ததிலிருந்து வெயிலே பார்த்ததில்லை.

ஒரே நாளில் முழுவதையும் வெட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரத்தின் இலையில் பாதி அந்தப் பக்கம் இருந்தது. வேர் இரண்டு பக்கத்து இலைகளின் உணவிலும்தான் வாழ்கிறது. தையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, ஒரு கிளையைக் குட்டையாக்கி நிறுத்தி, வடக்குப் பக்கத்தில் மாசித் தளிர் வந்து முற்றிய பிறகுதான் அதையும், மேலே சொன்ன அடி அறுப்பையும் முடித்தேன். அந்த ஆண்டு பூவுக்காகத் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட வைக்கும் வேலையையும் செய்யவில்லை. தோட்டக்காரர்கள் மார்கழிக் கடைசியில் பாசனத்தை நிறுத்தி, இலை லேசாகச் சுருண்டதும் தண்ணீர் விட்டு ஒரே சீராகப் பூக்க வைப்பார்கள். அது திடமாக இருக்கும் மரத்துக்கு. பாதி உடம்பை இழந்த மரத்துக்கு அல்ல.

வெட்டிய இடத்தைச் சுற்றி மாசியிலேயே சிம்புகள் வெடித்துக் கிளம்பின. விரல் நீளம் இருக்கும்போதே கட்டை விரலால் நெம்பி, அடிக்கண்ணோடு பிய்த்து எடுத்தால் அந்த இடத்தில் மறுபடி வருவது குறைவு. கத்தரிக்கோலால் நறுக்கினால் ஒன்று இரண்டாகும். காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கோட்டுக்கு மேலேயும் சில நீர்ச்சிம்புகள் நெட்டுக்குத்தாக வந்தன. அவை சாத்துக்குடிதான். வெற்றிடத்தைப் பார்த்துப் போவதை விட்டுவிட்டு, உள்ளே நெரிசலாக வந்ததை எடுத்தேன்.

தெற்குப் பக்கம் மொட்டையாகக் கிடந்தது. அதை நிரப்ப ஒரு வழி இருந்தது: வேர்ச்செடியின் சிம்புகளில் ஒன்றை மட்டும் வளரவிட்டு, அதன் மேல் இதே மரத்தின் சாத்துக்குடியை மொட்டுக் கட்டுவது, அதாவது இலைக்காம்பின் இடுக்கிலுள்ள தளிர்க் கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து ஒட்டுவது (இங்கே மொட்டு என்பது பூ மொட்டு அல்ல). மொட்டின் வழியாக டிரிஸ்டெசா போன்ற நோய்கள் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்பதால் முன்பின் தெரியாத மரத்தின் குச்சியை வாங்கிக் கட்டக் கூடாது. இங்கே இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஒரே சாறு ஓடும் உடம்பு, புதிதாக எதுவும் நுழையப் போவதில்லை. தெற்கு நோக்கிச் சாய்ந்து வந்த திடமான சிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூங்கில் குச்சியில் கட்டி நிமிர்த்தினேன். ஆவணியில் அது பென்சிலை விடச் சற்றுத் தடிமனானது. மழையும் பெய்திருந்தது. கத்தி நுனியால் லேசாகக் கீறி நெம்பிப் பார்த்தால் பட்டை கட்டையை விட்டு வழுக்கிக்கொண்டு கழன்றது. இப்படிக் கழலாத காலத்தில் மொட்டுக் கட்டுவது வீண்.

நர்சரிகளில் ஒட்டுக் கட்டியே காலம் கழித்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவின் கடைசியில் இருக்கிறார். கூலி வேண்டாம் என்று சொல்லி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னையே செய்ய வைத்தார். வடக்குப் பக்கத்திலிருந்து முக்கோண வடிவம் போய் உருண்டையாக முற்றிய குச்சி ஒன்றை வெட்டி, இலைகளை நறுக்கிக் காம்பை மட்டும் அரை விரற்கடை விட்டுவைக்கச் சொன்னார். அந்தக் காம்புதான் மொட்டைப் பிடிக்கும் கைப்பிடி.

சிம்பின் முழங்கால் உயரத்தில், தலைகீழான டி வடிவில் ஒரு கீறல். படங்களில் பார்ப்பது நேர் டி. மழைக்காலம் எதிரே இருந்தால் தலைகீழாகக் கீறுவதுதான் நல்லது என்றார் அவர். குறுக்குக் கீறல் அடியில் இருக்கும், மேலிருந்து வழியும் நீர் உள்ளே இறங்காது. அடுத்தது மொட்டை எடுப்பது. புதிய சவர பிளேடைக் கண்ணுக்கு அரை அங்குலம் தள்ளி வைத்து, ஒரே இழுப்பில், கண்ணுக்கு அடியில் மெல்லிய கட்டைச் சீவல் ஒட்டியிருக்கும்படி ஓர் அங்குல நீளக் கேடயம் போலச் சீவி எடுக்க வேண்டும். இரண்டு இழுப்பானால் அடிப்பாகம் மேடுபள்ளமாகி ஒட்டாது. "வெட்டின பக்கத்தை விரலால் தொடாதே தம்பி, மூச்சுகூட விடாதே" என்றார். கீறலின் இரு உதடுகளையும் கத்தியின் முதுகால் விலக்கி, மொட்டைக் காம்பில் பிடித்துக் கீழிருந்து மேலே தள்ளினேன். முதலில் திக்கி, பிறகு ஈரச் சோப்பு போல வழுக்கி உள்ளே போய் உட்கார்ந்தது. கண் மேல்நோக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு விரல் அகலப் பாலித்தீன் பட்டையால் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இறுக்கிச் சுற்றி, கண்ணையும் காம்பையும் மட்டும் வெளியே விட்டேன். ஒரே சிம்பில் சற்று மேலே தள்ளி இன்னொரு மொட்டும் வைக்கச் சொன்னார். எல்லா மொட்டும் பிடிக்கும் என்று நம்பி ஒன்றோடு நிறுத்துபவர் தொழில்காரர் இல்லையாம்.

பிடித்ததா என்று பார்க்க மூன்று வாரம் பொறுக்க வேண்டும். விட்டுவைத்த காம்பு மஞ்சளாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் மொட்டு உயிரோடு இருக்கிறது. காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டே நின்றால் அடியில் இருப்பதும் காய்ந்துவிட்டது. மேல் மொட்டு கறுத்துப் போனது. கீழ் மொட்டின் காம்பு தொட்டதும் விழுந்தது.

அப்போதும் சிம்பின் நுனியை உடனே வெட்டவில்லை. மொட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, மொட்டு இருக்கும் அதே பக்கத்தில், பாதி ஆழம் அறுத்து நுனியை மறுபுறம் மடக்கிக் கட்டினேன். மடங்கிய நுனியின் இலைகள் தொடர்ந்து உணவு தரும், ஆனால் மேலே போகும் உந்துதல் தடைப்பட்டு மொட்டு விழித்துக்கொள்ளும். மொட்டு ஒரு சாண் வளர்ந்த பிறகு நுனியை முழுதாக நீக்கினேன். பாலித்தீன் பட்டையை மறந்துவிடக் கூடாது, தண்டு பருக்கும்போது அது கயிறாக இறுக்கும். கடையில் வாங்கும் கன்றுகளில் மூட்டில் இந்தப் பட்டை அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கன்று வாங்கும்போது இலையின் மினுமினுப்பைப் பார்ப்பதற்கு முன் குனிந்து மூட்டைப் பார்ப்பது மேல்: எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பட்டை எடுத்திருக்கிறதா, கீழே சிம்பு தலைகாட்டுகிறதா.

தண்ணீர் விடும் முறையையும் மாற்றினேன். தண்டைச் சுற்றி ஓர் அடிக்கு, மூட்டைத் தொடாத உயரத்தில், கூம்பாக மண் மேடு, அதற்கு வெளியே கிளைகளின் நுனி வரை வட்டப் பாத்தி. தண்ணீர் தண்டைத் தொடாது, வேர் நுனிகளுக்குப் போகும். ஐப்பசியில் 30 கிலோ மட்கிய தொழுவுரத்தை இந்த வட்டத்தில் பரப்பி, மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டேன், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு விடும் நீர். இப்படிப்பட்ட நீரில் மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் மரத்துக்கு எட்டாது. புதுத் தளிர் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வந்தது. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், இலை கருகாமல் இருக்க அதில் பாதி அளவு சுண்ணாம்பு, கரைத்து வடித்து மாலை நேரத்தில் தளிர்களில் தெளித்தேன். தளிர் வரும் காலத்தில், அதாவது மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தெளிக்கலாம். ஆனால் எல்லா மஞ்சளும் சத்துக்குறை இல்லை. இலையை நடுநரம்போடு மடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் சத்துக்குறை. ஒரு பாதியில் ஒரு மாதிரித் திட்டும் மறு பாதியில் வேறு மாதிரித் திட்டுமாக இருந்தால் பசுமையாதல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை, மரத்தை அகற்றத்தான் வேண்டும். எங்கள் மரத்தில் இரண்டு பாதியும் ஒத்திருந்தன. ஒவ்வொரு தளிர்ப் பருவத்திலும் மடித்துப் பார்க்கிறேன்.

அந்த நோயைப் பரப்பும் சைலிட் பூச்சி, தளிரில் வாலைத் தூக்கித் தலையைத் தாழ்த்திச் சாய்வாக உட்கார்ந்திருக்கும், எள்ளை விடச் சற்றுப் பெரிது. அது கறிவேப்பிலையிலும் வாழும். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். சாத்துக்குடிக்கு அருகில் இருந்த கறிவேப்பிலையைப் பிடுங்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், எனக்கும் மனமில்லை. மரத்துக்குத் தெளிக்கும்போது அதற்கும் சேர்த்துத் தெளிக்கிறேன்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பைப் பொடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் காதி சோப்பு. இலையில் வெள்ளிக் கோடு கோலம் போல வளைந்து ஓடினால் அது இலைச்சுரங்கப் புழு. பெரிய மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் புது மொட்டிலிருந்து வந்த தளிருக்கு இருப்பதே பத்து இலை என்பதால் அங்கே மட்டும் விடாமல் தெளித்தேன்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு மருந்தே தேவையில்லை. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி வெள்ளையும் கறுப்புமாக இலை மேலேயே உட்கார்ந்திருக்கும். பெரிதானதும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும், அவ்வளவுதான், கடிக்காது. புதுத் தளிரில் கண்டவற்றை எடுத்து மதிலோரக் கறிவேப்பிலையின் முற்றிய கிளையில் விட்டேன். அங்கேயும் சாப்பிடும். கறிவேப்பிலை எங்களுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

மரத்தின் வடக்குப் பக்கம் இந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருக்கிறது. சாத்துக்குடி பூத்து ஒன்பது பத்து மாதத்தில் பறிப்புக்கு வரும். நம் சமவெளியில் இரவு குளிராததால் பழுத்த பிறகும் தோலில் பச்சை இருக்கும். நிறத்துக்காகக் காத்திருந்தால் சாறு வற்றிச் சக்கையாகும். நான் ஒன்றைப் பறித்து அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைக்கிறேன். புது மொட்டிலிருந்து வந்த கிளை இடுப்புயரம் வளர்ந்திருக்கிறது. நுனியைக் கிள்ளி மூன்று கிளைகளாகப் பிரியவிட்டிருக்கிறேன். அதில் இரண்டு பூக்கள் வந்தன, கிள்ளிப் போட்டுவிட்டேன். அடுத்த ஆண்டும் கிள்ளுவேன்.

அக்கா கொடுத்த விதைகளைக் காயவிடாமல் கழுவிய ஈரத்தோடே பைகளில் ஊன்றினேன். இந்தக் குடும்பத்து விதை காய்ந்தால் முளைப்பு போய்விடும். ரங்க்பூர் எலுமிச்சையின் ஒரே விதையிலிருந்து பல சமயம் இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவாவதால், விதைக் கன்றானாலும் தாய் மரத்தின் அச்சாகவே இருக்கும். மெலிந்து வித்தியாசமாகத் தெரிந்தவற்றைப் பிடுங்கிவிட்டேன். நன்றாக வந்த இரண்டு கன்றுகளை அக்கா வீட்டு மதிலோரத்தில் நட்டாயிற்று, ஒட்டு எதுவும் இல்லாமல் சொந்த வேரில், ஊறுகாய்க்காக. காய்க்கச் சில வருடங்கள் ஆகும் என்றதற்கு, "அதுவரைக்கும் உன் சாத்துக்குடியைக் கொடு" என்றார். மிச்சமுள்ள கன்றுகள் பையிலேயே இருக்கின்றன. பென்சில் தடிமன் வந்ததும் பெரியவரை மறுபடி அழைத்து வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, மொட்டுக் கட்ட வேண்டும்.